பாய்மரத்துக்கு மூன்று டிக்கெட்

எங்கள் வீட்டில் புது டெலிபோன் டைரக்டரி வரும் நாள் தீபாவளிக்குச் சமம். அப்பா கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். வேலை முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்தத் தடிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் குடும்பப் பெயரைத் தேடுவார். ஒரே ஒரு வரிதான் இருக்கும். விரலை அதன் மேல் வைத்து, "பாத்தியா, மாவட்டத்துக்கே நாம ஒருத்தர்தான்" என்பார். போன் பேச ஆளே இல்லாத காலத்தில் அப்பா இணைப்பு வாங்கியது இந்த ஒரு வரிக்காகத்தான் என்று அம்மா இன்றும் சொல்வாள்.

பாய்மரத்தார். இதுதான் அந்தப் பெயர். நம் பக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று இருப்பதே அபூர்வம். அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டால் எல்லோருக்கும் காரியம் முடிந்துவிடும். எங்களுக்கு மட்டும் பெயருக்குப் பின்னால் ஒரு வால். தாத்தா அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது எழுதிக் கொடுத்ததாம். அப்பா அதை எனக்கும் அக்காவுக்கும் விடாமல் ஒட்டிவிட்டார். வகுப்பில் நான் முகத்தைத் தொங்கப் போட்டால் போதும், "என்னா பாய்மரம், கப்பல் கவுந்துடுச்சா?" என்று டீச்சரே கேட்பார். வகுப்பே சிரிக்கும். எனக்குக் கோபம் வராது. பெருமையாகத்தான் இருக்கும்.

பெயருக்கு அர்த்தம் அப்பாவிடம் தயாராக இருந்தது. எங்கள் முன்னோர் கப்பல் வைத்திருந்தவர்கள். துறைமுகத்துப் பக்கம் போகும்போதெல்லாம் அங்கே நிற்கும் விசைப்படகுகளைக் காட்டி, "இதெல்லாம் என்னா, நம்மளது பர்மா வரிக்கும் போனது" என்பார். யார் சொன்னது என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். தாத்தா ஏதோ சண்டையில் சின்ன வயதிலேயே ஊரைவிட்டு வந்தவர். எந்த ஊர் என்று வாயைத் திறக்காமலே, அப்பா விவரம் தெரியாத பிள்ளையாக இருந்தபோதே போய்விட்டார். அதனால் எங்களுக்கு ஊரும் இல்லை, குலதெய்வம் யார் என்றும் தெரியாது. ஆடி மாதத்தில் ஒருநாள் அம்மா சுவரோரம் விளக்கேற்றி, இலை போட்டு, சர்க்கரைப் பொங்கலும் கொழுக்கட்டையும் வைத்துப் படைப்பாள். எந்தச் சாமிக்கு என்று கேட்டால், "நம்ம சாமிக்குதான்" என்பாள். மாமியார் சொல்லிக் கொடுத்தது, செய்கிறாள். அவ்வளவுதான்.

2004இல் நான் சிதம்பரத்தில் கல்லூரியில் சேர்ந்தேன். தினமும் காலை பஸ், மாலை பஸ். இரண்டு வருடம் கழித்து ஒரு மதியம், தேர்வு எழுதுவோர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். என் பெயரைத் தேடிக்கொண்டு போன கண் வேறொரு துறையின் பட்டியலில் நின்றுவிட்டது. ஓர் ஆண் பெயர். அதற்குப் பின்னால் பாய்மரத்தார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "எங்க பேருடி, எங்க பேரு" என்று கத்தியதில் அலுவலக ஜன்னலிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். நேராக நூலக அறிவியல் துறைக்கு ஓடி, வாசலில் நின்ற முதல் ஆளிடம், "இங்க பாய்மரத்தார்னு யாரு?" என்று கேட்டேன். ஒல்லியாக, கையில் டீ டம்ளரோடு ஒருவர், தப்புச் செய்த மாதிரி மெதுவாகக் கையைத் தூக்கினார்.

இப்போது நினைத்தால் என்னையே நான் நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை, "அண்ணே, நாம பங்காளிங்க."

பெயர் ஒன்று என்றால் ரத்தம் ஒன்று, ரத்தம் ஒன்று என்றால் பங்காளி, பங்காளி வீட்டுப் பையன் அண்ணன். எங்கள் கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவரைக் கடலூருக்கு அழைத்துக்கொண்டு போனேன். அப்பா அவரை வாசலில் பார்த்ததும் கல்லூரி அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பெயரை இரண்டு முறை படித்தார். பிறகு கட்டிக்கொண்டார். எங்கள் அப்பா யாரையும் கட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. எங்களுக்கு உடன்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. அப்பா அதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் அந்தக் குறை அவருக்கு எவ்வளவு பெரிதாக இருந்திருக்கிறது என்று தெரிந்தது.

நான் அழைத்து வந்தவருக்கு மூன்று வயதிலேயே அப்பா போய்விட்டார். தையல் வேலை செய்து வளர்த்த அம்மாவுக்குப் புருஷனின் பூர்வீகம் தெரியாது. ஆகவே அவர்களுக்கும் ஊர் இல்லை. ஞாயிறுதோறும் அவர் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். அப்பாவும் அவரும் உட்கார்ந்து கப்பலைக் கட்டிக்கொண்டே இருப்பார்கள். ஒரு வாரம் அது பர்மாவுக்குப் போகும், அடுத்த வாரம் இலங்கைக்கு. ஒரு ஆடியில் எங்கள் படையலைப் பார்த்துவிட்டு, "என்னாங்கம்மா, கருவாட்டுக் கொழம்பு வெக்கலியா? சுருட்டு?" என்று கேட்டுவிட்டார். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் வீட்டில் கருவாடும் சுருட்டும் இல்லாமல் சாமி இலைக்கே வராதாம். "எங்க சாமி என்னா ரவுடியா?" என்று நான் சிரித்து உருண்டேன். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு அதை எல்லோரும் மறந்துவிட்டோம்.

2007இல் அக்காவுக்குக் கல்யாணம். மணமேடையில் பெண்ணின் கையில் அவளுடைய அண்ணனோ தம்பியோ பொரி போட வேண்டும். அந்த நேரம் வந்தபோது அப்பா கூட்டத்தைப் பார்த்து, "எங்க எம் புள்ள?" என்று கேட்டார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அவர் வேட்டியை இறுக்கிக்கொண்டு ஏறி வந்து, அவசர அவசரமாக அக்காவின் கையில் பொரி போட்டார். பாதி கீழே கொட்டியது. அக்காவின் பக்கத்தில் நின்ற என் காலில்தான் கொட்டியது. நிமிர்ந்து என்னைப் பார்த்து அசடு வழிந்தார். எனக்கு உள்ளே ஏதோ நழுவியது. ஐயையோ என்று நினைத்தேன். அதே நிமிஷம் போட்டோகாரர், "பொண்ணோட அண்ணன், தங்கச்சி, கொஞ்சம் ஒட்டி நில்லுங்க" என்றார். அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. அதில் நான் பேய் அறைந்தவள் மாதிரி நிற்கிறேன்.

இரண்டு வருடம் அதை விழுங்கிக்கொண்டேன். அவர் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தட்டச்சும் கணினியும் சொல்லிக் கொடுத்தேன். ஒருநாள் போனில், "சொல்லுங்கண்ணே" என்றேன்.

"இனிமே அப்பிடிக் கூப்புடாத" என்றார்.

"ஏன்?"

"ஏன்னு தெரியாதா?"

தெரியும் என்றேன். சந்தோஷத்தில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. உடனே அப்பாவின் நினைப்பு வந்தது.

வீட்டில் நான்தான் சொன்னேன். அவர் வந்து சொல்கிறேன் என்றதைக் கேட்கவில்லை. ஆரம்பித்து வைத்த வாய் என்னுடையது. அம்மா, "அண்ணன் முறைடி பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா கத்தவில்லை. "ஒங்கக்காவுக்குப் பொரி போட்டவன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரே பேரு" என்றார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அவர் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. ஒரு வருடம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி ஆனால் அப்பா நாற்காலியைத் திருப்பி வாசலைப் பார்த்து உட்காருவார். யாரும் வரமாட்டார்கள். கப்பல் கதையை அவர் எடுக்கவே இல்லை. எனக்கு ஒரு மாப்பிள்ளை பார்க்கவும் இல்லை. நான் அழுததைவிட அப்பா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு பேரையும் நானே சேர்த்துவைத்து, நானே பிரித்துவிட்டேன்.

அந்த ஒரு வருடமும் நான் சும்மா இருக்கவில்லை. சென்டரில் வகுப்பு இல்லாத நேரமெல்லாம் இணையத்தில் எங்கள் பெயரைப் போட்டுத் தேடினேன். தமிழில் போட்டேன், ஆங்கிலத்தில் எட்டு விதமாக எழுதிப் போட்டேன். பாய்மரக் கப்பல் படங்களாக வந்து குவிந்தன. ஆள் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. பெயர் இவ்வளவு அபூர்வமாக இருக்கிறதே என்று முதல்முறையாக எரிச்சல் வந்தது. ஊரில் பத்துப் பேருக்கு இருக்கிற பெயராக இருந்தால் யாரும் எங்களைக் கேள்வி கேட்டிருக்கமாட்டார்களே.

2010இல் ஒரு பிற்பகல் அவரிடமிருந்து போன். பின்னால் பஸ் இரைச்சல், யாரோ பாட்டு வேறு போட்டிருந்தார்கள். கூட வேலை பார்ப்பவரின் வீட்டு விசேஷத்துக்குக் குமராட்சிப் பக்கம் மினிபஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்.

"கேக்குதா? கண்டக்டர் என்னா சொல்றாருன்னு கேளு" என்றார்.

போனை எட்ட நீட்டினார் போலிருக்கிறது. இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. "பாய்மரம்லாம் எறங்கு. பாய்மரம், பாய்மரம்."

"ஸ்டாப்பு. நம்ம பேரு ஒரு பஸ் ஸ்டாப்பு" என்றார் அவர். நான் நாற்காலியிலிருந்து குதித்ததில் தட்டச்சுப் பயில வந்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். ஒரு வருடமாக அவர் பெயரை எடுத்தாலே எழுந்து போகிறவர், அன்றைக்கு அசையாமல் உட்கார்ந்திருந்தார். "என்னாது, பஸ் ஸ்டாப்பா?" என்றார். பர்மாவுக்குக் கப்பல் விட்டவர்களின் பெயரில் மினிபஸ் நிற்பது அவருக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு முன்னால் குளித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

சிதம்பரம் பஸ் நிலையத்தில் அவர் காத்திருந்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு இருவரும் பார்த்துக்கொண்டார்கள். அப்பா, "சாப்புட்டியா?" என்றார். "சாப்ட்டங்க" என்றார் அவர். அதோடு சரி. மினிபஸ்ஸில் கண்டக்டர், முப்பது வயது இருக்கும், "எங்க?" என்று கேட்க, அவர், "பாய்மரம், மூணு" என்றார். தன் குடும்பப் பெயரை இன்னொருவர் டிக்கெட்டாகக் கிழித்துக் கொடுப்பதை அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பயமும் இருந்தது. அங்கே போய், ஆமாம், எல்லோரும் ஒரே வகையறா என்று யாராவது சொல்லிவிட்டால் முடிந்தது.

இறங்கிய இடத்தில் கொள்ளிடத்துக் கரை, நாலு வீடு, ஒரு மின்கம்பம், அதை ஒட்டி ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. டீ சொல்வதற்கு முன்னாலேயே, "இங்க பாய்மரத்தார்னு யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டேன்.

அவர் கரண்டியை எண்ணெயில் விட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தக் கரையில பாய்மரத்தாரு இல்லாதவங்க யாருன்னு கேளு, சொல்றேன்" என்றார். "நான் பாய்மரம், பஜ்ஜி திங்கறாரே இவுரு பாய்மரம், நீ வந்த பஸ்சுல கண்டக்டரு பாய்மரம்."

அப்பா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். டைரக்டரியில் ஒரே ஒரு வரியாக இருந்தது இங்கே ஓர் ஊராக இருந்தது. அந்த ஊரில் போன் வைத்தவர்களும் அதைப் பெயரோடு எழுதிக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் உள்ளதை யார் எழுதுவார்கள்? எங்கள் தாத்தா வெளியே போனதால்தான் எழுதிக்கொண்டார். இவருடைய தாத்தாவும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

"கப்பல் ஏதாவது..." என்று அப்பா மெல்லக் கேட்டார்.

"கப்பலா? அந்தக் கம்பம் இருக்குதுல்ல, அந்த எடத்துலதான் மரம் நின்னுச்சாம். எங்கியோ கப்பல ஒடைச்சப்ப வண்டியில ஏத்தியாந்து நட்டாங்களாம். கொள்ளிடத்துல தண்ணி ஏறுனா அதுல லாந்தர ஏத்துவாங்க. பாத்துட்டு சுத்துப்பட்டு ஊருங்க எல்லாம் மேட்டுக்குப் போயிடும். லாந்தரு ஏத்துற மொறைக்காரங்கதான் பாய்மரத்தாரு. ஒரு வாரம் மேலண்ட ஆளுங்க, ஒரு வாரம் கீழண்ட ஆளுங்க."

மேற்குப் பக்கத்தார், கிழக்குப் பக்கத்தார் என்று இரண்டு வகை ஆட்கள். "மேலண்டையும் கீழண்டையும் பங்காளிங்களா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா சிரித்ததில் பஜ்ஜி தின்றவருக்குப் புரை ஏறியது. "நல்லா கேட்ட போ. எங்கப்பன் கீழண்ட, எங்கூட்டுக்காரரு மேலண்ட. பங்காளிய கட்டிக்கிட்டா ஆறு புள்ள பெத்தேன்? ஆனா மேலண்டையும் மேலண்டையும் கூடாது. கீழண்டையும் கீழண்டையும் கூடாது. நீங்க எந்தப் பக்கம்?"

யாருக்குத் தெரியும்? அப்பா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இவ்வளவு தூரம் வந்து, கதவு திறந்தும் வாசற்படியில் நிற்கிறோம்.

"ஊருதான் தெரியல, படையலு கூடவா போடறதில்ல? என்னா வெச்சிப் படைப்பீங்க?" என்றார் அந்த அம்மா.

"சக்கரப் பொங்கலு, கொழுக்கட்ட" என்றேன்.

"அப்ப மேலண்ட. ஐயனாரு. கவுச்சி ஆவாது." கரண்டியை அவர் பக்கம் நீட்டி, "தம்பி நீ?" என்றார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "கருவாடு. கருவாட்டுக் கொழம்பும் சுருட்டும்." சொல்லும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டிவிட்டது. கருவாட்டின் பெயரைச் சொல்லி அழுத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"வீரன். கீழண்ட. எங்கப்பன் வூட்டு ஆளு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா பஜ்ஜியைத் திருப்பிப் போட்டார். அவருக்கு அது ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. நாலு வருடமாக எங்கள் வீட்டு இலையிலும் அவர்கள் வீட்டு இலையிலும் பதில் இருந்திருக்கிறது. நாங்கள் சிரித்துவிட்டுச் சாப்பிட்டு எழுந்திருக்கிறோம்.

அப்பா எழுந்து போய் மின்கம்பத்தைச் சுற்றிப் பார்த்தார், கையை வைத்துப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "இவன் எம் பெரிய பொண்ணுக்குப் பொரி போட்டுட்டாம்மா" என்றார், கோயிலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

"போட்டா என்னா? தெரியாம போட்டதுதான? மொற என்னாவோ அதான் மொற. பொரி போட்டா ரத்தம் மாறிடுமா?" என்றார் அவர். "டீக்கு சக்கர ஜாஸ்தியா, கம்மியா?"

திரும்பும்போது அதே மினிபஸ், அதே கண்டக்டர். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார், நான் பக்கத்தில். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே நெல் வயல் போய்க்கொண்டே இருந்தது. இந்த நாலு வருடத்தில் அப்பாவுக்கு ஒரு பிள்ளை கிடைத்திருந்தான். பஜ்ஜி போட்டுக்கொண்டே ஓர் அம்மா அந்தப் பிள்ளையை இல்லை என்று ஆக்கிவிட்டார். எனக்கு வாய்த்த சந்தோஷம் அவர் மடியிலிருந்து எடுத்தது. அது தெரிந்ததால் நிமிர்ந்து பார்க்காமல் வந்தேன்.

இரண்டு ஸ்டாப் தாண்டிய பிறகு, அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார். "அப்ப ஒனக்குப் பொரி போட யாரு இருக்கா?"

அது சம்மதம் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றார்.

டிக்கெட் கிழிக்க வந்த கண்டக்டர் காதில் அது விழுந்திருக்கிறது. "நீங்க நம்ம ஆளுங்களா? கடையில சொன்னாங்க. எந்தப் பக்கம்?" என்றார்.

"மேலண்ட" என்றார் அப்பா. அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாகச் சொன்னார்.

"நானும் மேலண்டதான். அப்ப இது எனக்குத் தங்கச்சி முறை. தேதிய சொல்லுங்க, லீவு போட்டுட்டு வந்து போடறேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, டிக்கெட் கட்டில் விரலை வைத்தார். "எத்தன பெரியப்பா, மூணா?"

அப்பா மூன்று என்று சொல்ல வாயைத் திறந்தார். பிறகு அதை விட்டுவிட்டு மூன்று விரலைக் காட்டினார்.